தூம்பாவில் குடியேறியவர்கள்

எங்கள் கோயிலில் தூம்பா என்று ஒன்று இருந்தது. இப்போதைய பிள்ளைகளுக்கு அது தெரியாது, தெரியாமலிருப்பதும் நல்லதுதான். வசதியுள்ளவர்கள் செத்தால் அவரவர் உயரத்துக்குப் பெட்டி செய்துகொள்வார்கள். கப்பல் சரக்குத் தூக்கியும் ரயிலுக்குக் கரி அள்ளியும் கடலில் வலை போட்டும் பிழைத்த எங்கள் ராயபுரத்து ஜனங்களுக்கு எல்லாருக்கும் பொதுவாக ஒரே பெட்டி. கறுப்புச் சாயம் பூசி, மூடியில் வெள்ளைச் சிலுவை எழுதியிருக்கும். அதில் வைத்துக் கல்லறைத் தோட்டம் வரை தூக்கிப்போய், ஆளைத் துணியோடு குழியில் இறக்கிவிட்டு, பெட்டியை மட்டும் திரும்பக் கொண்டுவந்து கோயிலுக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் போட்டுவிடுவோம். அடுத்த ஆளுக்காக அது அங்கே காத்திருக்கும்.

நான் தேனீ வளர்த்த கதை அந்தப் பெட்டியில்தான் ஆரம்பிக்கிறது.

அப்போது எனக்குத் துறைமுகத்தில் டேலி கிளார்க் வேலை. கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணி எழுதவேண்டும். தெருவில் எல்லாருக்கும் நான் ‘ரைட்டரு’. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூங்கா மைதானத்தில் நடந்த கண்காட்சிக்கு ராட்டினம் சுற்றுவதற்காகப் போனேன். போன இடத்தில், காக்கி அரைக்கால்சட்டை போட்ட ஒருவர் மரப்பெட்டி ஒன்றைத் திறந்து, தேனீ மொய்த்த சட்டத்தை வெறுங்கையால் தூக்கிக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். ஒன்றுகூட அவரைக் கொட்டவில்லை. காட்டுத் தேனீயைப் பிடித்து இந்த மாதிரிப் பெட்டியில் குடிவைத்துவிட்டால் பிறகு அதுபாட்டுக்குச் சம்பாதித்துப் போடும் என்றார். எண்ணி எழுத ஆளில்லாமலே சரக்கு ஏற்றி இறக்குகிற ஜாதி ஒன்று உலகத்தில் இருக்கிறதே என்று எனக்கு ஒரே பரவசம். அவர் பேசி முடிக்கும்வரை வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். அந்தப் படிப்போடு நான் தேனீ வளர்ப்பவனாகிவிட்டேன். தேனீ மட்டும்தான் பாக்கி.

தெரிந்த தச்சரிடம் சொல்லி, கப்பலில் சரக்கு வந்த பலகைகளைக் கொண்டு அதே மாதிரி ஒரு பெட்டி செய்து வாங்கினேன். ஒரு பக்கத்தில் ஏதோ ஊரின் பெயர் இங்கிலீஷில் தலைகீழாக இருந்தது. மாடியில் கொண்டுபோய் வைத்து, உள்ளே வெல்லம் தடவினேன். எறும்பு வந்தது. எறும்பைத் துடைத்ததும் பூனை வந்து குட்டி போட்டது. பூனை குட்டிகளைக் கவ்விக்கொண்டு போனபிறகு என் மனைவி அதில் புளியைப் போட்டு மூடினாள். கரித்தூளும் கருவாட்டு வாசனையும் அடிக்கிற ஊருக்கு எந்தத் தேனீ வரும் என்று தெருவே கேட்டது. முருங்கைப் பூ இருக்கிறது, தென்னம்பாளை இருக்கிறது, ரயில்வே துரைமார்களின் தோட்டம் இருக்கிறது என்று நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு வருஷம் முழுக்கச் சொன்னேன்.

என்னை அதிகம் கேலி செய்தவர் என் மாமனார். நான் வீட்டோடு மாப்பிள்ளை. அவருடைய வீடு, அவருடைய மாடி, அவருடைய புளி. துறைமுகத்தில் மேஸ்திரியாக இருந்து ஓய்ந்தவர். கேங்கு முழுவதும் அவர் குரலுக்கு மூட்டை தூக்கும், அவர் குரலுக்கு இறக்கும். அவர் எண்ணிய மூட்டையும் நான் எழுதிய மூட்டையும் ஒரு நாளும் ஒத்துப்போனதில்லை என்பதால், அவர் பெண்ணை நான் கட்டியதை அவரால் ஜீரணிக்க முடியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து ஒருமுறையும் அவர் என்னிடம் நேராகப் பேசியதில்லை. நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். “ஏம்மா, உன் வூட்டு ரைட்டருகிட்ட சொல்லு” என்று மகளைப் பார்த்துத்தான் ஆரம்பிப்பார். மருமகன் என்ற வார்த்தை அவர் வாயில் வந்ததே கிடையாது. எனக்கும் ரோஷம் உண்டு; நானும் அவருக்குச் சொல்ல வேண்டியதைச் சுவரைப் பார்த்துச் சொல்லிவிடுவேன்.

ஆனால் அந்த மனுஷர் என் மாமியார் செத்த அன்றைக்கு எப்படி இருந்தார் என்று எனக்குத் தெரியும். தூம்பாவின் கைப்பிடியைப் பிடித்தவர் கல்லறைத் தோட்டம் வரைக்கும் விடவேயில்லை. மற்றவர்கள் தோள் மாற்றிக்கொண்டார்கள், அவர் மாற்றவில்லை. அன்றிலிருந்து அவருக்கு ஒரே ஆசைதான். மனைவி போன அந்தப் பெட்டியிலேயே தானும் போகவேண்டும். இதைக் கேட்காத காது எங்கள் தெருவில் கிடையாது.

என்ன புண்ணியமோ, அந்த வருஷம் எங்கள் கோயில் பங்கில் மாதக்கணக்காக யாரும் சாகவில்லை. கோயில்பிள்ளைக்குக்கூடக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. கோயிலைப் பார்த்துக்கொள்வது, மணி அடிப்பது, தூம்பாவைத் துடைத்து வைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. சாவு இல்லையென்றால் துடைக்கவும் வேலையில்லை, கொட்டகையைத் திறக்கவும் வேலையில்லை. அந்தச் சமயத்தில்தான் என் மாமனாருக்கு மார்ச்சளிக் காய்ச்சல் வந்து, டாக்டர் உதட்டைப் பிதுக்கி, கோயில் சுவாமியார் வந்து, சாகக்கிடப்பவர்களுக்குக் கொடுக்கும் அவஸ்தைப்பூசுதலும் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் காலையில் கோயில்பிள்ளை முன்ஜாக்கிரதையாகத் தூம்பாவைத் துடைக்கலாமென்று கொட்டகையைத் திறந்தார். திறந்த வேகத்தில் மூடிக்கொண்டு ஓடி வந்தார். உடைந்த கைப்பிடி ஓட்டை வழியாகத் தேனீக்கள் போவதும் வருவதுமாக இருந்தன. பெட்டிக்குள் ஒரு சந்தையே நடக்கிறது என்றார்.

தீப்பந்தம் கொளுத்திக் காட்டிவிடலாம் என்பது கோயில்பிள்ளையின் யோசனை. பெட்டியும் சேர்ந்து எரியுமே என்று சுவாமியார் தடுத்தார். தண்டையார்பேட்டைக் கோயிலில் வேறு தூம்பா இரவல் வாங்கலாம் என்றார்கள். இந்தப் பேச்சு எப்படியோ படுக்கையிலிருந்த மாமனார் காதுக்குப் போய்விட்டது. மூச்சு வாங்கிக்கொண்டே, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

“அவ போன பொட்டிலதான் நானும் போவேன். வேற பொட்டி எட்தாந்தீங்கன்னா எய்ந்து வந்துருவேன்.”

என் மனைவி என்னைத் தனியாக அழைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது, ஆனால் பேச்சு தெளிவாகவே இருந்தது. “உங்க பொட்டி சும்மாதானே கீது. புளிய நான் எட்துக்கிறேன், ஈயை நீங்க எட்துக்குங்க. எங்கப்பா கேக்கறது இது ஒண்ணுதான்.”

என் மனநிலையை மறைப்பானேன்? மாமனார் சாகக்கிடக்கிறார், எனக்கோ உள்ளுக்குள் ஒரே குஷி. கடைசியில் தேனீ வந்துவிட்டது. அவர் உயிர் அன்றைக்கு எனக்கு ரொம்ப அருமையாகிவிட்டது. பெட்டி காலியாகும் வரையிலாவது அவர் மூச்சை நிறுத்தக்கூடாதே என்று மாதாவை வேண்டிக்கொண்டு கிளம்பினேன்.

கண்காட்சிக்காரர் புகை போடவேண்டும், முகத்துக்கு வலை வேண்டும் என்று சொல்லியிருந்தார். புகைக்குக் கோயில்பிள்ளையிடம் பழைய தூபக்கலசத்தை வாங்கி, கரியும் சாம்பிராணியும் போட்டுக்கொண்டேன். வலைக்கு எங்கள் ஊரில் பஞ்சமா? பக்கத்து வீட்டு மீன்காரம்மா காத்திவாக்கத்தில் இறால் பிடிக்கிற பொடிக்கண் வலையைக் கொடுத்தார். அதைத் தலையோடு இறுக்கிச் சுற்றிக்கொண்டேன். கண்காட்சிக்காரர் தொப்பி போட்டிருந்தார், வலை தொப்பி விளிம்பிலிருந்து முகத்தில் படாமல் தொங்கியது என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது. வலை முகத்தில் படிந்திருந்தால் தேனீ அதற்கு வெளியே உட்கார்ந்துகொண்டே கொட்டலாம். போதாததற்கு அந்த வலையில் அடித்த இறால் வாடையில் எனக்கே தலை சுற்றியது.

கொட்டகைக்குள் போனேன். மெதுவாகப் புகை காட்டவேண்டும் என்பது பாடம். நானோ சின்ன வயதில் பூசைக்கு உதவி செய்தவன். தூபக்கலசம் கைக்கு வந்ததும் கை பழைய பழக்கத்தில் சங்கிலியைப் பிடித்து வீசிவீசி ஆட்டத் தொடங்கிவிட்டது. தேனீக்களுக்கு முன்னால் பக்தியாக நின்று மும்முறை தூபம் காட்டினேன். ஆட்ட ஆட்டக் கரி கனன்று நெருப்புப் பொறி பறந்தது. அந்த லட்சணத்தில் மூடியின் கால்மாட்டுப் பக்கத்தை வேறு நெம்பினேன். அடைகள் எல்லாம் மூடியின் அடியில்தான் ஒட்டித் தொங்கின. ஒன்று பிய்ந்து விழுந்தது.

அதற்குப் பிறகு நடந்தது எனக்கு ஒழுங்காகத் தெரியாது. கிணற்றடியில் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன் என்று மட்டும் தெரியும். இரண்டு கண்ணிமையும் ஏறக்குறைய ஒட்டிக்கொண்டன. உதடு வீங்கி மூக்கைத் தொட்டது. பேசலாமென்று வாயைத் திறந்தால் ‘ம்’ தவிர வேறு எழுத்து வரவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் தன்பாட்டுக்கு வழிந்துகொண்டேயிருந்தது.

ஆனாலும் நான் விடவில்லை. இருட்டுக் கொட்டகையில் வேலை ஆகாது, பெட்டியை வெளியே வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால்தான் ஆகும் என்று புரிந்தது. மாமனாரைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டுப் போக அவருடைய பழைய கேங்கு ஆட்கள் நாலு பேர் வந்திருந்தார்கள். அவர்களைச் சைகை காட்டி அழைத்தேன். மேஸ்திரியின் ஆசை அவர்களுக்கும் தெரியும்; மறுபேச்சுப் பேசாமல் ஈரக் கோணிகளைப் போர்த்திக்கொண்டு பெட்டியைத் தூக்கினார்கள். புங்க மரத்தடியில் வந்ததும் ஒருவர், கப்பல் சரக்கை இறக்கும்போது சொல்கிற மாதிரியே, “ஆரியா... ஆரியா...” என்று தணிந்த குரலில் சொல்ல, பெட்டி பூப்போலத் தரையில் இறங்கியது. உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியவேயில்லை. மூடியில் தலைமாட்டுப் பக்கத்துப் பலகை ஏற்கனவே ஆடிக்கொண்டிருந்தது. அதை அசக்காமல் கழற்றி, அந்தத் திறப்பின் மேல் என் பெட்டியை வைத்தேன். தேனீக்கள் கால்மாட்டிலிருந்து நகர்ந்து தலைமாட்டுக்கு வந்து மேலே ஏறிவிட்டால் வேலை முடிந்தது. அவை ஏன் ஏறவேண்டும் என்ற கேள்விக்குத்தான் என்னிடம் பதில் இல்லை. நாங்கள் ஐந்து பேரும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். தேனீக்கு மரியாதையாக இருக்கட்டும் என்றோ என்னவோ, அவர்கள் தலையிலிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தார்கள்.

இந்தக் கோலத்தைப் பார்த்துக்கொண்டு கோயில்பிள்ளை கடைத்தெருவிலிருந்து திரும்பி வந்தார். தூம்பா வெளியே வந்திருக்கிறது. கேங்கு ஆட்கள் துண்டைக் கையில் பிடித்து நிற்கிறார்கள். ரைட்டர் முகம் வீங்கி, கண் சிவந்து, தாரைதாரையாகக் கண்ணீர் விடுகிறார். எங்கள் ஊர் வழக்கத்தில் தூம்பா கொட்டகையை விட்டு வெளியே வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். தேனீயை நான் ஓட்டிவிட்டேன், அதற்குள் மேஸ்திரியும் போய்விட்டார் என்று அவராகவே நினைத்துக்கொண்டார். சிலுவை போட்டுக்கொண்டு நேராக மணிக்கயிற்றுக்குப் போனார்.

துக்க மணி கேட்டதும் கல்மண்டபம் முக்கில் டீக்கடை வாசலில் காத்திருந்த சாவு மேளக்காரர்கள் எழுந்துவிட்டார்கள். மேஸ்திரி சாவு எப்போது வரும் என்று அவர்கள் காலையிலிருந்தே தயாராக இருந்தார்கள். தூம்பா இருக்கும் இடத்துக்குத்தானே போகவேண்டும்? நேராகக் கோயில் வளாகத்துக்குள் வந்தார்கள். கால்மாட்டில் நின்று அடிப்பது முறை. முறைப்படி நின்றார்கள், அடித்தார்கள்.

நான் பதறிப்போனேன். வாயைத் திறந்து நிறுத்தச் சொன்னால் ‘ம்ம்ம்’ என்று மாடு கத்துவதுபோல வந்தது. கையை ஆட்டி வேண்டாம் வேண்டாம் என்றேன். கேங்கு ஆட்கள் கத்தியதும் மேளச் சத்தத்தில் அமுங்கிப்போயிற்று. துக்கம் தாங்காமல் துடிக்கிறார் பாவம் என்று அவர்கள் இன்னும் உருக்கமாக அடித்தார்கள். பெட்டிப் பலகையெல்லாம் அதிர்ந்தது. இனிமேல் தேனீ கிளம்பி வந்து ராயபுரத்தையே கொட்டப் போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூட அதிகம் மிச்சமில்லை.

ஒன்றும் கொட்டவில்லை. ஒட்டிய இமையைக் கையால் பிரித்துப் பெட்டிகளுக்கு நடுவிலிருந்த சந்தில் பார்த்தேன். தேனீக்கள் அந்த அதிர்ச்சி பொறுக்காமல் கால்மாட்டை விட்டுக் கிளம்பி, வரிசை வரிசையாகத் தலைமாட்டுக்கு நடந்துகொண்டிருந்தன. பறக்கவில்லை, நடந்தன. பாஸ்கா ஊர்வலத்தில் ஜனங்கள் போகிற மாதிரி ஒன்றை ஒன்று தள்ளாமல் என் பெட்டிக்குள் ஏறின. நடுவில் நீண்ட வயிறோடு ராணியும் போனாள். எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்துக்கு அளவே இல்லை. உடனே மேளக்காரர்களைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கி, அடி, அடி, இன்னும் அடி என்று ஆட்டினேன். ஒரு நிமிஷத்துக்கு முன் வேண்டாமென்றவன் இப்படி ஆடுவதைப் பார்த்துக் கூடியிருந்தவர்கள் மருமகனுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று முடிவு கட்டினார்கள்.

வீட்டில் நடந்ததை என் மனைவி பிறகு சொன்னாள். மணிச் சத்தம் கேட்டதும் மாமனார் கண்ணைத் திறந்து, யாருக்கு மணி என்று கேட்டிருக்கிறார். அவள் தெரியாது என்று சொல்லி முடிக்கும் முன்னால் தெருப் பெண்கள் தலைவிரி கோலமாக மாரடித்துக்கொண்டு உள்ளே நுழைந்துவிட்டார்கள். தனக்குத்தான் அடிக்கிறார்கள் என்று தெரிந்ததும் அவருக்கு வந்த கோபத்தில் சளியெல்லாம் கிளம்பி வெளியே வந்துவிட்டதாம். எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டுக் குடித்தார். பிறகு நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிப்போகச் சொல்லிக் கோயிலுக்கே வந்து சேர்ந்தார்.

கூட்டம் இரண்டாகப் பிளந்தது. மேளம் நின்றது. அதற்குள் தேனீக்கள் கிட்டத்தட்ட எல்லாமே ஏறிவிட்டன என்பதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் அவரை முறைத்திருப்பேன். அவர் தூம்பாவைப் பார்த்தார், மேளக்காரர்களைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். வீங்கின முகம், சிவந்த கண், வழிகிற கண்ணீர். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு வாழ்க்கையில் முதல்முறையாக மகளைத் தேடாமல் என்னிடமே பேசினார்.

“இன்னா மருமவனே, எனக்கோசரமா இப்டி அய்துகினு கீறே?”

எனக்கு உண்மையைச் சொல்ல வாய் இல்லை. ‘ம்’ என்றேன். அதுதான் வந்தது. அவர் நாற்காலியிலிருந்து எட்டி, தோளிலிருந்த துண்டால் என் முகத்தைத் துடைத்தார். கொடுக்கு முறிந்து நின்ற இடமெல்லாம் உரசி உயிர் போயிற்று. இன்னும் அதிகமாகக் கண்ணீர் வந்தது. அதைப் பார்த்து அவர் கண்ணும் கலங்கியது. உடனே மேளக்காரர்கள் பக்கம் திரும்பி, அடி கொஞ்சமும் சரியில்லை, தான் நிஜமாகப் போகிறபோது ஒழுங்காக அடிக்கவேண்டும் என்று அதட்டிவிட்டு, நாற்காலியைத் திரும்பத் தூக்கச் சொன்னார்.

அன்று மாலைக்குள் காலி அடைகளை அறுத்து, வாழை நாரால் என் சட்டங்களில் கட்டி, பெட்டியை மாடிக்கு ஏற்றிவிட்டேன். வீக்கம் வடிந்து எனக்குப் பேச்சு வந்ததும் தெருவெல்லாம் நடந்ததைச் சொல்லிச் சிரித்தேன். மீன்காரம்மா சிரித்தார், கோயில்பிள்ளை சிரித்தார், சுவாமியார்கூடச் சிரித்தார். ராயபுரத்தில் அந்தக் கண்ணீரின் காரணம் தெரியாதவர் ஒரே ஒருவர்தான். அவரிடம் யாரும் சொல்லவில்லை. நான் எப்படிச் சொல்வது? பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் என் மருமகன் எனக்காக அழுத அழுகையைப் பார்த்தீர்களா என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார். என் மனைவிக்கு மட்டும் இதில் கொண்டாட்டம். வீட்டில் நான் எதற்காவது குரலை உயர்த்தினால் போதும், “அப்பாகிட்ட சொல்லட்டா?” என்பாள். நான் அடங்கிவிடுவேன்.

உடம்பு தேறியதும் மாமனார் மாடிக்கு வந்து தேனீப் பெட்டிக்கு எதிரில் நாற்காலி போட்டுக்கொண்டார். தேனீக்கள் வாசலில் நெருக்கியடித்தால் கேங்கு ஆட்களை விரட்டுவதுபோல விரட்டுவார். மகரந்தம் சுமந்து வருகிறவற்றை அவர் எண்ணுவார், நானும் எண்ணுவேன். எங்கள் இரண்டு பேர் கணக்கும் அப்போதும் ஒத்துப்போகவில்லை. ஆனால் இப்போது சண்டையை என்னிடமே நேராகப் போட்டார். முதல் தேனை நான் பிழிந்து கொடுத்தபோது ஒரு கரண்டி வாயில் ஊற்றிக்கொண்டு, தூம்பாவில் இருந்ததுகளின் தேன் இவ்வளவு தித்திக்கிறதே, உன் மாமியார் கைப்பக்குவம்தான் என்றார். அந்த மனுஷரை எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

அடுத்த வருஷம் மழைக்காலம் முடிந்து, முருங்கை பூத்துக் குலுங்கிய சமயத்தில் அவர் தூக்கத்திலேயே போய்விட்டார். இந்தமுறை தூம்பா காலியாகவே இருந்தது. கோயில்பிள்ளை எவ்வளவு தேய்த்தும் மூடியின் உள்பக்கத்தில் மெழுகு ஒட்டியிருந்த தடம் போகவில்லையாம். நான் போதும் விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். திறந்தபோது லேசாகத் தேன் வாசனை அடித்தது. கேங்கு ஆட்கள் அவரை அதில் வைத்தார்கள். அம்மா போனபோது அவர் பிடித்த கைப்பிடியை என் மனைவி தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நான் வாசலில் நின்றேன். காலையிலிருந்து அழுது அழுது இமை தடித்து, உதடு கோணி, பேச்சு குளறிப் போயிருந்தது. அதே மேளக்காரர்கள் வந்தார்கள். அவர்களில் பெரியவர் என் முகத்தைக் கிட்டே வந்து பார்த்தார். தோளில் கை வைத்து மெல்லக் கேட்டார்:

“இன்னா ரைட்டரே, இன்னிக்கும் கொட்டிருச்சா?”

ஆமாம் என்று தலையாட்டினேன். பாவம் என்று சொல்லிவிட்டு அவர் கால்மாட்டுக்குப் போய் நின்றுகொண்டார். அன்றைக்கு அவர்கள் ரொம்ப நன்றாக அடித்தார்கள்.